சத்தம் எந்தப் பக்கம்? வளர்ந்தவர் மூளை திசையை மறுபடி கற்கும் விதம்

காதைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கதைகள் அடிபடும். வயது ஏறிவிட்டால் மூளை காய்ந்த களிமண், இனி அதில் எதையும் வனைய முடியாது என்பது ஒன்று. ஹெட்போனில் தலையைச் சுற்றிச் சுற்றி ஓடும் பாட்டைத் தினமும் இரவில் கேட்டால் மூளை புதிதாக விழித்துக்கொள்ளும் என்பது மற்றது. முதலாவதை நம்பி, ஒரு காது மந்தமான பெரியவர்கள் "இனி என்ன செய்ய" என்று இருந்துவிடுகிறார்கள். இரண்டாவதை நம்பிப் பிள்ளைகள் டேட்டாவை வீணாக்குகிறார்கள். இரண்டுமே பிழை. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் வேலையை வளர்ந்த மூளையும் மறுபடி கற்கும். ஆனால் சில நிபந்தனைகள் உண்டு. அவை தெரியாமல் செய்யும் பயிற்சி வீண் உழைப்பு.

## பனிக்குள் ஒரு குரல்

தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலை மலை, காலை ஏழரை மணி. பனி இறங்கிவிட்டது. நாலு நிரை தள்ளி நிற்கும் ஆள் தெரியவில்லை. மேலே எங்கிருந்தோ "அக்கோவ்!" என்று ஒரு குரல். கீழ் நிரையில் கொழுந்து எடுப்பவரின் கை நிற்கவில்லை. தலை மட்டும் அந்தக் குரல் இருக்கும் பக்கமாகத் திரும்புகிறது, மேல் நோக்கி, கொஞ்சம் வலப்பக்கமாக. கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. இதைச் செய்ய மூளைக்கு மூன்று தடயங்கள் போதும்.

முதல் தடயம் நேரம். வலப்பக்கம் இருந்து வரும் குரல் வலது காதில் முதலில் படும், தலையை வளைந்து இடது காதுக்குப் போகக் கொஞ்சம் பிந்தும். இந்தப் பிந்துதலை நேர வேறுபாடு என்போம். மலைக் குளிரில் ஒலி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீட்டர் ஓடுகிறது. ஆகவே சத்தம் நேர் பக்கவாட்டில் இருந்தால்கூட வேறுபாடு 0.6 தொடக்கம் 0.7 மில்லிசெக்கன் வரைதான். இதைவிடச் சின்ன அளவையும் மூளை பிடிக்கும். நேர் எதிரே இருக்கும் சத்தம் ஒரு பாகை நகர்ந்தால் நேர வேறுபாடு லட்சத்தில் ஒரு பங்கு செக்கன். நல்ல காதுள்ளவர் அதையும் உணர்வார். 10 மீட்டர் தள்ளி நிற்பவர் ஒரு சாணுக்கும் குறைவாக நகர்ந்தால் ஒரு பாகை. (கொழும்பு வெயிலில் ஒலி சற்று வேகமாக ஓடுமே, நுவரெலியாக் குளிருக்கு வந்தால் கணக்குக் குழம்பாதா என்று கேட்கலாம். பக்கவாட்டில்கூட அந்த மாற்றம் லட்சத்தில் இரண்டு பங்கு செக்கனைத் தாண்டாது. பக்கவாட்டில் நம் துல்லியம் எதிரே இருப்பதைவிட மிகக் குறைவு என்பதால் யாருக்கும் தெரியப்போவதில்லை.)

இரண்டாவது தடயம் சத்தத்தின் அளவு. தலை ஒரு மறைப்பு. தூரத்து லொறியின் உறுமல் போன்ற தாழ்ந்த ஒலிக்கு அலை நீளமானது, அது தலையைச் சுற்றி வழிந்து மறு காதுக்கும் போய்விடும். குருவியின் கீச்சு, சாவிக்கொத்தின் கிலுக்கு போன்ற உயர்ந்த ஒலிக்கு அலை சில சென்ரிமீட்டர்தான். தலை அதைத் தடுத்து, மறு காதின் மேல் நிழல் விழுத்தும். இரண்டு காதுக்கும் உள்ள இந்த அளவு வேறுபாடு மிக உயர்ந்த ஒலிகளில் 20 டெசிபல் வரை போகும். தாழ்ந்த ஒலிக்கு நேரம், உயர்ந்த ஒலிக்கு அளவு என்ற இந்தப் பங்கீட்டை 1907இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி பிரபு எழுதி வைத்தார். இன்றைக்கும் அடிப்படை அதுதான்.

இந்த இரண்டும் இடமா வலமா என்று சொல்லும். முன்னாலா பின்னாலா, மேலா கீழா என்று சொல்லாது. சரியாக முன்னால் இருப்பதற்கும் சரியாகப் பின்னால் இருப்பதற்கும் இரண்டு காதிலும் ஒரே நேரம், ஒரே அளவு. அங்கேதான் மூன்றாவது தடயம் வருகிறது. வெளியே தெரியும் காதின் மடிப்புகளுக்கு, அதாவது செவிமடலுக்கு, அழகைத் தவிர வேறு வேலை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் மேலிருந்து வரும் ஒலியும் கீழிருந்து வரும் ஒலியும் அந்த மடிப்புகளில் வேறு வேறு விதமாக மோதித் தெறிக்கின்றன. அதனால் சில சுருதிகள் எழும்பும், சில அமுங்கும். இந்த ஏற்ற இறக்கத்தை ஒலியின் சாயல் என்று இங்கே குறிப்போம். மடல் எல்லோருக்கும் ஒரே அச்சில் இல்லை. சாயலும் ஆளுக்கு ஆள் வேறு. அதைக் கற்றே ஆகவேண்டும், பிறவியில் யாரும் கொண்டுவருவதில்லை.

*இதுவரை:* இடம் வலத்துக்கு நேரமும் அளவும். மேல் கீழ், முன் பின்னுக்குச் செவிமடல் தரும் சாயல்.

## மடுவத்துத் தராசும் கணக்கப்பிள்ளையும்

அடுத்த குழப்பம் இது: "பயிற்சி செய்தால் காது கூர்மையாகும்." காது கூர்மையாகாது. உள்காதில் நத்தைச்சுருள் என்று ஒரு சுருண்ட குழாய் உண்டு. அது வந்த ஒலியைச் சுருதி வாரியாகப் பிரித்து நரம்பில் அனுப்புகிறது. கண்ணின் உள்ளே இடப்பக்கப் பொருள் ஓர் இடத்திலும் வலப்பக்கப் பொருள் இன்னோர் இடத்திலும் படுவதுபோல நத்தைச்சுருளில் திசைக்கென்று இடம் எதுவும் கிடையாது. திசை என்பது மூளை போடும் கணக்கு. மூளையின் அடியில் இருக்கும் மூளைத்தண்டில்தான் இரண்டு காதின் செய்திகளும் முதலில் ஒப்பிடப்படுகின்றன. அங்கிருந்து நடுமூளைக்கும், பிறகு மேலே மூளையின் மேற்பட்டைக்கும் போகின்றன.

தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தராசு ஒரு எண்ணைக் காட்டும். கணக்கப்பிள்ளை அதை அப்படியே எழுதுவதில்லை, கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிப்பார். தராசின் முள் ஒருநாள் கோணி அரைக் கிலோ கூட்டிக் காட்டத் தொடங்குகிறது. மடுவத்துக்குள்ளேயே இருந்தால் அவருக்கு அது தெரியவராது. ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, போன கொழுந்தை அங்கே நிறுத்து, "உங்கள் கணக்குக் கூட இருக்கிறது" என்று செய்தி வந்தால்தான் தெரியும். நாலு நாள் அதே செய்தி வந்தால் அவர் அரைக் கிலோ சேர்த்துக் கழிக்கப் பழகிவிடுவார். தராசில் யாரும் கைவைக்கவில்லை.

காது தராசு. மூளை கணக்கப்பிள்ளை. ஸ்டோரில் இருந்து வரும் செய்தி, நாம் திரும்பிப் பார்த்துச் சரிபார்க்கும் கணம். இப்படி அனுபவத்தால் மூளை தன் கணக்கை மாற்றிக்கொள்ளும் இயல்புக்கு நரம்பு நெகிழ்வு என்று பெயர். இந்தச் சொல்லை எதற்கெடுத்தாலும் ஒட்டிவிடுகிறார்கள். இங்கே அதற்குப் பொருள் ஒன்றுதான்: வரும் தடயத்துக்கு மூளை கொடுக்கும் அர்த்தம் மாறுவது, அல்லது எந்தத் தடயத்தை எவ்வளவு நம்புவது என்பது மாறுவது.

இந்தக் கணக்கு எவ்வளவு சுலபமாகக் கோணும் என்பதைக் கொழும்பில் இருந்து ஹட்டன் பஸ் ஏறிய எவரும் கண்டிருப்பார்கள். கினிகத்தேனை ஏற்றத்தில் காது அடைக்கும். ஒரு பக்கம் "டப்" என்று திறந்து மறுபக்கம் அடைத்தே இருந்தால், பஸ்ஸுக்குள் எல்லாப் பேச்சும் திறந்த காதின் பக்கமாகச் சாய்ந்துவிடும். எச்சில் விழுங்கியதும் அது நேராகும். ஆனால் அந்த அடைப்பு வாரக்கணக்கில் நின்றால் மூளை என்ன செய்யும்? அதைத்தான் ஆய்வாளர்கள் வேண்டுமென்றே செய்து பார்த்தார்கள்.

## வேறு காது மாட்டிய நான்கு பேர்

1998இல் நெதர்லாந்தின் நைமேகன் நகர ஆய்வாளர்கள், வளர்ந்தவர்கள் நான்கு பேரின் இரண்டு செவிமடல்களின் குழிக்குள்ளும் அவரவர் காதுக்கென்றே வார்த்த சிறு அச்சுகளைப் பொருத்தினார்கள். காதுத் துளை மூடப்படவில்லை. மடிப்புகளின் வடிவம் மட்டும் மாறியது. அதாவது சாயல் என்ற தடயத்தை மட்டும் குழப்பினார்கள்.

மாட்டிய உடனே இடம் வலம் ஏறத்தாழ அப்படியே இருந்தது. மேல் கீழ் மட்டும் கெட்டது. மேலே ஒலித்தாலும் கீழே ஒலித்தாலும் அவர்கள் காட்டிய இடத்துக்கும் உண்மைக்கும் தொடர்பில்லை. தினமும் அச்சை மாட்டிக்கொண்டே வழக்கமான வாழ்க்கையை வாழ்ந்தார்கள். தனிப் பயிற்சி எதுவும் இல்லை. யாரோ கூப்பிட்டால் திரும்புவது, ஏதோ விழுந்தால் பார்ப்பது, அவ்வளவே. நாளுக்கு நாள் திருந்தி, ஆறு வாரத்துக்குள் மேல் கீழைக் கண்டுபிடிக்கும் திறமை திரும்பிவந்தது.

வியப்பு அதற்குப் பிறகுதான். அச்சைக் கழற்றிய உடனேயே பழைய காதிலும் சரியாகச் சொன்னார்கள். புதிய கணக்கு பழையதை அழித்துவிட்டிருந்தால் அது நடந்திருக்காது. வீட்டில் தமிழும் கடைத்தெருவில் சிங்களமும் பேசுகிறவர் ஒன்றைக் கற்க மற்றதை மறப்பதில்லை. இரண்டு காதுகளின் சாயலும் அந்த மூளைகளில் அப்படித்தான் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. "மூளையைத் திருப்பி எழுதுவது" என்ற வழக்கமான பேச்சு இந்த இடத்தில் தவறாகிவிடுகிறது. பழைய ஏட்டைக் கிழிக்காமல் பக்கத்தில் புதிய ஏடு ஒன்று திறக்கப்படுகிறது.

## ஒரு காது அடைந்தால்

நம்மவர்களுக்கு அதிகம் நேர்வது இது. சளி, குறும்பி, பழைய சீழ்க்காது. இங்கே நேரமும் அளவும் இரண்டுமே கோணிப்போகும்.

ஒக்ஸ்ஃபோர்டில் ஆண்ட்ரூ கிங்கின் குழுவினர் வளர்ந்த மனிதர்களின் ஒரு காதை அடைத்து, ஏறத்தாழ ஒரு வாரம் தினமும் திசை காட்டும் பயிற்சி கொடுத்தார்கள். 2010இல் வெளிவந்த அந்த ஆய்வில் அவர்கள் கணிசமாகத் தேறினார்கள். எப்படி? அடைந்த காதையும் சேர்த்துப் போடும் கணக்கில் நம்பிக்கையைக் குறைத்து, திறந்த காதின் சாயலை அதிகம் நம்பத் தொடங்கினார்கள். அதை உறுதிப்படுத்தவும் ஒரு வழி இருந்தது. ஒவ்வொரு தடவையும் ஒலியின் சாயலையே கண்டபடி மாற்றிக் கொடுத்தபோது தேர்ச்சி வரவில்லை. சாயலை நம்பியவருக்குச் சாயல் கைவிட்டால் வழி இல்லை. கோணிய தராசை ஓரமாக வைத்துவிட்டு மற்றத் தராசில் நிறுக்கிறார் கணக்கப்பிள்ளை.

அதே குழு 2006இல் ஃபெரெட் என்ற கீரி போன்ற விலங்கில் செய்த ஆய்வு, பயிற்சி செய்கிற எவரும் மனதில் வைக்கவேண்டியது. தினமும் பழகியவை ஒரு வாரம் பத்து நாளில் தேறின. ஆறு நாளுக்கு ஒருமுறை பழகியவற்றில் முன்னேற்றம் மிகக் கொஞ்சம். மாதத்தில் ஒரு ஞாயிறு முழுநாளும் செய்வதைவிடத் தினமும் இருபது நிமிடம் மேல் என்று சொல்வதற்கு அடிப்படை இதுவே.

2010இல் இன்னொன்றும் தெரியவந்தது. மூளையின் மேற்பட்டையில் இருந்து நடுமூளைக்குக் கீழ்நோக்கி ஓடும் நரம்புகள் உண்டு. அவை இல்லாத ஃபெரெட்டுகள் சாதாரணமாகத் திசையைச் சரியாகவே காட்டின. ஆனால் ஒரு காதை அடைத்தபின் மறுபடி கற்க அவற்றால் முடியவில்லை. மேலிருந்து கீழே "கணக்கைத் திருத்து" என்று போகும் பாதை, ஏற்கெனவே கற்றதைச் செய்வதற்குத் தேவையில்லை. புதிதாகக் கற்பதற்கு அது தேவை.

*இதுவரை:* மூளை இரண்டு வழியில் மாறுகிறது. ஒரு தடயத்துக்குப் புதிய அர்த்தம் கற்கிறது, அல்லது கெட்ட தடயத்தை விட்டு நல்ல தடயத்தில் சாய்கிறது.

## ஆந்தை சொல்லும் இரண்டு பாடங்கள்

கூகை என்று நாம் சொல்லும் வெள்ளை முக ஆந்தை இருட்டில் ஒலியை மட்டும் வைத்து எலியைப் பிடிக்கும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் எரிக் நுட்சன் அதன் கண்களுக்கு, காட்சியைப் பக்கமாகத் தள்ளிக் காட்டும் கண்ணாடி மாட்டினார். குஞ்சுகளின் காதுக் கணக்கு கண்ணைப் பின்பற்றி நகர்ந்தது. வளர்ந்த ஆந்தைக்கு 23 பாகைக் கண்ணாடியை ஒரேயடியாக மாட்டினால் கணக்கு அதிகம் அசையவில்லை. சின்னக் கோணத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டியபோது (2002) நன்றாக நகர்ந்தது. உயிருள்ள எலியைத் தானே வேட்டையாட விட்டபோது (2005) செத்த எலியைத் தின்றவற்றைவிடப் பல மடங்கு கூட நகர்ந்தது. ஒரே பாடம் அல்ல, இரண்டு: படி சின்னதாக இருக்கட்டும், சரியாகச் செய்வதால் ஏதாவது கைக்கு வரட்டும். பாட்டைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கும் பயிற்சியில் இரண்டும் இல்லை. காட்டுவதும் இல்லை, சரி பிழை பார்ப்பதும் இல்லை.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நலமான இரண்டு காதும் உள்ளவர்களுக்குப் பல நாள் பயிற்சி கொடுத்த 2001ஆம் ஆண்டு ஆய்வொன்றில், அளவு வேறுபாட்டை உணர்வதில் பயிற்சி பெற்றவர்கள் மேலும் முன்னேறினார்கள். நேர வேறுபாட்டை உணர்வதில் பல நாள் பயின்றவரும் பயிலாதவரும் கிட்டத்தட்ட ஒரே அளவில் நின்றார்கள். எல்லாத் தடயமும் ஒரே மாதிரி வளைந்து கொடுக்காது.

## வீட்டு வாசலில் செய்து பார்க்க

இது வைத்தியம் அல்ல. மேலே சொன்ன விதிகளை வைத்துத் தன் காதின் கணக்கைத் தானே அளந்து, பழகிப் பார்க்கும் முறை.

லயத்து அறைக்குள் வேண்டாம். தகரமும் சுவரும் ஒலியைத் திருப்பி அடித்துத் தடயத்தைக் கலக்கும். புல் உள்ள திறந்த இடம் நல்லது. நடுவில் ஒரு கதிரை. 2 மீட்டர் கயிற்றை அதில் கட்டி முன்பக்கம் அரை வட்டம் போட்டு, இடக்கைப் பக்கத்தில் தொடங்கி வலக்கைப் பக்கம் வரை ஏழு கல் வையுங்கள். கல்லுக்குக் கல் 1 மீட்டரும் இரண்டு விரலும் வந்தால் ஒவ்வொன்றும் 30 பாகை. கல்லுக்கு ஒன்றிலிருந்து ஏழு வரை எண்.

சத்தத்துக்கு, கால்வாசிக் குச்சி உள்ள ஒரு நெருப்புப்பெட்டி போதும். குலுக்கினால் தாழ்ந்ததும் உயர்ந்ததுமான சுருதிகள் ஒன்றாக வரும், மூன்று தடயமும் கிடைக்கும். ஃபோனின் ஒற்றைச் சுருதிக் கூவல் உதவாது. அதில் சாயல் இல்லை.

பழகுபவர் கண்ணை மூடிக் கதிரையில் இருக்கட்டும். உதவுபவர் ஏழு துண்டுச் சீட்டைக் கலைத்து, வந்த எண்ணின் கல்லுக்கு மேலே, இருப்பவரின் காது உயரத்தில், பெட்டியை இரண்டு தடவை மட்டும் குலுக்கட்டும். பழகுபவர் கையை நீட்டிக் காட்டவேண்டும். காட்டிய பிறகு கண்ணைத் திறந்து பெட்டியைப் பார்த்து, அது மறுபடி குலுங்கும்போது சரியான இடத்தைக் கையால் காட்டவேண்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஸ்டோரில் இருந்து செய்தி வருவது அங்கேதான். ஏழு கல்லுக்கும் ஆறு சுற்று, 42 குலுக்கல், இருபது நிமிடத்துக்குள் முடியும். உண்மை எண்ணையும் காட்டிய எண்ணையும் கொப்பியில் பக்கம் பக்கமாக எழுதுங்கள்.

முதல் நாள் கண்ணைத் திறக்காமலே ஒரு சுற்று எடுத்துத் தொடக்கக் கணக்கைப் பதிந்துகொள்வது அவசியம். பத்தாம் நாள் அதேபோல ஒன்று எடுத்தால்தான் ஒப்பிடலாம். முன்பக்கம் தேறிய பிறகு பின்பக்கத்துக்கும் ஐந்து கல் வைத்து வட்டத்தை முடிக்கலாம். தலையை அசைக்காமல் பாதி, அசைக்க விட்டுப் பாதி செய்யுங்கள். தலையைத் திருப்பும்போது முன்னும் பின்னும் உடனே பிரியும். நாட்டு வழக்கில் எல்லோரும் செய்வதும் அதுதான்.

கெடுவது பெரும்பாலும் சின்ன விஷயத்தில். ஒரே பலத்தில் குலுக்கினால், மங்கலாகக் கேட்டால் அடைந்த காதுப் பக்கம் என்று மூளை குறுக்குவழி கண்டுபிடித்துவிடும். பலத்தை மாற்றி மாற்றிக் குலுக்கவேண்டும். உதவுபவரின் காலடியும் சட்டைச் சரசரப்பும் காட்டிக்கொடுக்கும். அவர் வெறுங்காலில், வேண்டாத இடத்துக்கும் போய்வரவேண்டும். காற்று வீசும் நாளில் கொப்பியை நம்பவேண்டாம். முதல் நாளுக்கும் இரண்டாம் நாளுக்கும் இடையில் வரும் பெரிய ஏற்றத்தைக் கண்டு மகிழவும் வேண்டாம், அதில் பாதி விளையாட்டின் விதி பழகியதுதான். ஆய்வில் செய்தார்கள் என்று நல்ல காதைப் பஞ்சால் அடைத்துக்கொண்டு ரோட்டில் நடப்பதைப் போல் ஆபத்து வேறில்லை. பனியில் வளைவு திரும்பும் லொறிக்கு அது தெரியாது.

## பயிற்சிக்கு முன் பார்க்க வேண்டியவை

ஒரு காது திடீரென்று, ஓரிரு நாளில் மங்கிப்போனால் பயிற்சிப் பேச்சே வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். சிகிச்சை நாள் பிந்தப் பிந்தப் பலன் குறையும். குறும்பி அடைத்திருந்தால் அதை எடுத்தாலே கணக்குச் சரியாகிவிடும். ஊக்கு, கோழி இறகு, சுட வைத்த எண்ணெய் எதுவும் காதுக்குள் போகக்கூடாது.

காது மெஷின் புதிதாகப் போட்டவர்கள் "சத்தம் கேட்கிறது, எங்கே என்று தெரியவில்லை" என்று இரண்டாம் நாளே கழற்றி அலமாரியில் வைப்பதுண்டு. காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷினில் ஒலிவாங்கி மடலுக்கு மேலே இருக்கிறது. மடிப்புகளில் தெறிக்காமலே ஒலி உள்ளே போகிறது. பல வருடம் பழகிய சாயல் அங்கே இல்லை. நைமேகனில் அச்சு மாட்டியவர்களின் முதல் நாள் போன்றதுதான் இது. அவர்களுக்கே வாரங்கள் எடுத்தன, அதுவும் தொடர்ந்து மாட்டியிருந்ததால். எனவே தினமும் விழித்திருக்கும் நேரமெல்லாம் போடவேண்டும், வீட்டுக்காரர்கள் ஒரு பக்கமாக நின்று கூப்பிட்டுத் திரும்ப வைக்கவேண்டும்.

ஸ்டோரில் ரோலர் ஓடும் தளத்தில் பல வருடம் நின்றவர்களுக்கு வேறு சிக்கல். நீண்டநாள் இரைச்சல் முதலில் தின்பது 4000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டத்து உயர்ந்த சுருதிகளை. சாயல் இருப்பதும் அந்த உயரத்தில்தான். அதனால் பேச்சு ஓரளவு கேட்டாலும் முன்னா பின்னா என்பது குழம்பும். உள்காதில் செத்துப்போன மயிர்க்கலங்கள் மறுபடி முளைப்பதில்லை. தராசுக்கே வராத கொழுந்தை எந்தக் கணக்கப்பிள்ளையும் நிறுக்க முடியாது. அந்தத் தளத்தில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் நாளில் இருந்தே காதடைப்பான் கொடுக்கவேண்டும். அதைப் போட்டிருக்கும்போது திசையறிவு குறையும் என்பதால், பின்னால் இருந்து கத்தி எச்சரிப்பதை விட்டு, முன்னால் வந்து கையைக் காட்டி எச்சரிக்கும் வழக்கத்தையும் கூடவே பழக்கவேண்டும்.